இல்லாத நாட்டில் ஒரு போர்

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் மலைப்பாதையிலே, கடல் மட்டத்துக்கு ஆறாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்திலே அமைந்திருக்கிறது கந்தப்பளை. ஒருபுறம் தேயிலை மலைகள். மறுபுறம் உருளைக்கிழங்கும் லீக்சும் கரட்டும் விளைகின்ற மரக்கறித் தோட்டங்கள். பிற்பகலிலே பனிமூட்டம் இறங்கிவிட்டால் முதலில் எதிர்மலை மறையும். சற்றுப் பொறுத்து எதிர் லயமும் மறைந்துவிடும். உலகம் அவ்வளவு சிறுத்துப்போன வேளையில், லயத்து இஸ்தோப்பிலே இரண்டு சிறுவர் கரித்துண்டால் தரையில் கோடு கிழித்து உட்கார்ந்திருப்பதைக் கற்பனை செய்து பார்க்கலாம். மேலே கூர்ந்து கீழே விரிந்த ஒரு முக்கோணம். அதனைக் குறுக்காக வெட்டுகின்ற கோடுகள். கோடுகள் கூடுமிடத்தில் இருபத்துமூன்று புள்ளிகள். மூன்று கூழாங்கற்கள் புலிகள். பதினைந்து தேயிலைக்காய்கள் ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டவேண்டும். ஆடுகளோ ஒன்றுசேர்ந்து, புலி அசைய இடமில்லாதபடி வளைத்துக்கொள்ளவேண்டும். இதுவே ஆடுபுலி ஆட்டம்.

இந்த ஆட்டத்திலே சிந்திக்கத்தக்க ஒன்று உண்டு. இலங்கையின் காடுகளிலே வேங்கைப்புலி இல்லை. இங்கே வாழ்வது சிறுத்தை. உடலெல்லாம் வரியோடிய வேங்கையை இந்தப் பிள்ளைகள் படத்திலேதான் கண்டிருப்பார்கள். அவர்களுடைய மூதாதையர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தென்னிந்தியாவிலிருந்து கடல்கடந்து மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுவழியே கால்நடையாக மலையேறி வந்தபொழுது, மூட்டை முடிச்சுகளோடு இந்த ஆட்டத்தையும் நெஞ்சிலே சுமந்துவந்தனர் எனலாம். ஆகவே, கந்தப்பளைச் சிறுவன் காய் நகர்த்துவது அவன் கண்டறியாத ஒரு காட்டிலே. ஆயினும் அந்தப் புலி பாயும்பொழுது அவன் நெஞ்சு படபடக்கிறது. இல்லாத காடு, இல்லாத விலங்கு, ஆனால் உண்மையான படபடப்பு. இது எவ்வாறு நிகழ்கிறது?

உலகின் பல நாடுகளிலே வளர்ந்தோரும் இத்தகைய ஆட்டத்தில் ஈடுபடுகின்றனர். ஈயத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த, கட்டைவிரல் உயரமே உள்ள போர்வீரர்களுக்கு நுண்ணிய தூரிகையால் வர்ணந்தீட்டி, மேசையின்மேல் குன்றும் ஆறும் பாலமும் அமைத்து, எதிரெதிரே அணிவகுக்கின்றனர். ஒரு படை எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதை அளவுகோல் தீர்மானிக்கிறது. எய்த அம்பு தைத்ததா, தவறியதா என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. சிற்றுருப் போர் விளையாட்டு என்று இதனைக் கூறலாம். இவர்களிலே சிலர் வரலாற்றில் நிகழ்ந்த போர்களையே மீண்டும் நடத்திப் பார்க்கின்றனர். மற்றும் பலர், எந்தத் தேசப்படத்திலும் காணப்படாத நாடுகளைத் தாமே படைத்து, அங்கே தம் படைகளை இறக்குகின்றனர். உண்மையான போர்கள் இத்தனை இருக்கும்பொழுது இல்லாத நாட்டின் போரை மனிதன் ஏன் விரும்புகிறான் என்பதே இங்கு ஆராயத்தக்க வினா.

சதுரங்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைப் பலகையிலே நிறுத்திய பண்டைய இந்திய ஆட்டம் அது. ஆனால், அந்தப் பலகையிலே உள்ள அரசனுக்குப் பெயரில்லை. அவனது நாட்டுக்கும் பெயரில்லை. பெயர் இல்லாமையே அதற்குச் சிறகாயிற்று. பாரசீகருக்கும் அராபியருக்கும் ஐரோப்பியருக்கும் அது தங்குதடையின்றிச் சென்றது. ஐரோப்பாவிலே மந்திரி அரசியாக மாறினான். யானை பாதிரியாராக மாறிற்று. ஒரு குறிப்பிட்ட மன்னனின் வெற்றியைப் பாடும் ஆட்டமாக அது இருந்திருப்பின், அந்த மன்னனின் பகைவர் அதைத் தொட்டிருக்கமாட்டார்கள்.

இதற்கு நேர்மாறானது, 1824ஆம் ஆண்டிலே பிரஷ்ய நாட்டுப் படை அதிகாரியான ரைஸ்விட்ஸ் தம் மேலதிகாரிகளுக்குக் காட்டிய போர்ப் பயிற்சி ஆட்டம். துல்லியமாக வரைந்த நிலப்படம், படைப்பிரிவுகளைக் குறிக்கும் சிறு கட்டைகள், சேதத்தைக் கணக்கிடும் பகடை, இருதரப்புக்கும் நடுவே ஒரு நடுவர் ஆகியன அதிலே இடம்பெற்றன. நாளைய போருக்கு இன்றே அதிகாரிகளைப் பழக்குவது அதன் நோக்கம். அது பள்ளிக்கூடம், அங்கே கற்பனை பெரிதாக வேண்டப்படவில்லை. கற்பனை நாடு பிறந்தது படைத்தளத்திலே அன்று, குழந்தைகளின் அறையிலே.

1826ஆம் ஆண்டு, வட இங்கிலாந்திலே ஹாவர்த் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பிரான்டே என்னும் பாதிரியார், தம் மகனுக்குப் பன்னிரண்டு மரப்போர்வீரர்களை வாங்கிவந்தார். காற்றும் பனியும் மாறாத மேட்டுநிலத்து ஊர் அது. கந்தப்பளையார்க்கு அதன் குளிர் அந்நியமாகத் தோன்றாது. மகன் பிரான்வெல்லும், சார்லட், எமிலி, ஆன் என்னும் மூன்று மகளிரும் ஆளுக்கொரு வீரனை எடுத்துப் பெயர் சூட்டினர். அந்த வீரர்களுக்கு ஒரு நகரம் வேண்டியதாயிற்று. நகரத்துக்கு ஒரு நாடு. நாட்டுக்கு அரசியல், போர், பத்திரிகை, கவிதை. அங்கிரியா என்றும் கோண்டல் என்றும் இரண்டு உலகங்கள் இவ்வாறு எழுந்தன. பொம்மை வீரர்கள் கையில் பிடித்துப் படிக்கத்தக்க அளவிலே நுண்ணிய எழுத்தில் சிறுசிறு புத்தகங்களையும் அக்குழந்தைகள் எழுதினர். அந்த மகளிரே பின்னாளில் 1847ஆம் ஆண்டிலே ஜேன் அயர், வதரிங் ஹைட்ஸ் முதலிய நாவல்களை வெளியிட்டவர்கள். பன்னிரண்டு மரத்துண்டுகள் ஆங்கில இலக்கியத்துக்கு இவ்வளவு வழங்கின.

நாவலாசிரியர் ஸ்டீவன்சன் நுரையீரல் நோயோடு சுவிட்சர்லாந்தின் டாவோஸ் மலையூரிலே தங்கியிருந்த 1881-82ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், வளர்ப்பு மகன் லாயிட்டுடன் ஈயப் போர்வீரர்களை வைத்து விளையாடினார். பரணின் தரையிலே சுண்ணக்கட்டியால் மலையும் ஆறும் சாலையும் வரைந்து, அதன்மேல் படைகளை நகர்த்தினர் இருவரும். அந்தப் போர்களைப் பற்றிப் பத்திரிகைச் செய்திபோலவே அவர் எழுதிவைத்தார். படுக்கையை விட்டு வெகுதூரம் செல்லமுடியாத ஒருவருக்கு, பரண்தரை ஒரு கண்டமாக விரிந்தது.

1893ஆம் ஆண்டு முதல் பிரிட்டன்ஸ் என்னும் ஆங்கில நிறுவனத்தார் உள்ளீடற்ற ஈய வீரர்களை மலிவாக வார்க்கத் தொடங்கினர். பொம்மைப் படை சாதாரண வீடுகளுக்கும் வந்துசேர்ந்தது. எச். ஜி. வெல்ஸ், 1913ஆம் ஆண்டிலே இந்த விளையாட்டுக்கு விதிகள் வகுத்து, சிறு போர்கள் என்னும் பொருள்படும் பெயரிலே ஒரு நூல் வெளியிட்டார். விற்சுருள் பொருத்திய பொம்மைப் பீரங்கியிலிருந்து மரக்குண்டு பாயும். ஈய வீரன் சாய்வான். நூலின் முடிவிலே அவர், மெய்யான பெரும்போர் எவ்வளவு செலவுள்ளது, எவ்வளவு மூடத்தனமானது என்பதை இந்தச் சிறு போரை விளையாடினால் உணரலாம் என்னும் கருத்தை வலியுறுத்தினார். மறு ஆண்டே, 1914இல், முதலாம் உலகப்போர் மூண்டது. விளையாட்டு உலகைத் திருத்திவிடும் என்று எண்ணுவது எவ்வளவு பேதைமை என்பதற்கும் இதுவே சான்று.

1950களிலே இங்கிலாந்தைச் சேர்ந்த டோனி பாத் என்பவர் வேறொரு வழி கண்டார். அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஹோவர்ட் 1930களில் தம் கதைகளுக்காகப் படைத்த ஹைபோரியா என்னும் கற்பனைக் கண்டத்தை அவர் தேசப்படமாக விரித்தார். நண்பர்கள் ஆளுக்கொரு நாட்டின் ஆட்சியாளராயினர். சீட்டுக்கட்டிலிருந்து சீட்டெடுத்து ஒவ்வொரு தளபதிக்கும் குணம் வகுத்தனர். ஒருவன் விசுவாசி, ஒருவன் பேராசைக்காரன், ஒருவன் கோழை. தூதும் உடன்படிக்கையும் தபாலிலே சென்றன. மேசைமேல் நடந்த போர், ஒரு நீண்ட வரலாற்றின் ஓர் அத்தியாயம் ஆயிற்று. 1969இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவிலே டேவிட் வெஸ்லி என்பவர் பிரவுன்ஸ்டைன் என்னும் கற்பனை ஜெர்மானிய நகரைப் படைத்து, ஆடுவோரைப் படைகளாக அன்றி அந்நகரத்து மாந்தராகவே நிறுத்தினார். 1974இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் ஆட்டமும், 1983இல் வார்ஹேமர் என்னும் ஆட்டமும் வெளிவந்தபின் கற்பனை நாடுகள் பெரும் வணிகமாகவும் வளர்ந்தன.

இந்தக் கவர்ச்சிக்குக் காரணங்கள் யாவை? முதற் காரணம் வியப்பூட்டுவது. வரலாற்றுப் போரை மீண்டும் ஆடுகிறவனுக்கு நடக்கப்போவது முன்கூட்டியே தெரியும். 1815ஆம் ஆண்டு வாட்டர்லூ போரை இருவர் ஆடுவதாகக் கொள்ளலாம். மாலைப்பொழுதிலே பிரஷ்யப் படை வந்துசேரும் என்பதை நெப்போலியனாக ஆடுகிறவன் பாடநூலிலே படித்திருக்கிறான். அவன் காலையிலேயே அதற்கு வழியடைத்துவிடுவான். உண்மையான நெப்போலியனுக்கு அந்த அறிவு வாய்க்கவில்லை. கற்பனை நாட்டிலோ, குன்றுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது இருவருக்குமே தெரியாது. பனிமூட்டத்திலே தடவித் தடவி நடக்கும் தளபதியின் மனநிலை அங்கேதான் வாய்க்கிறது. ஆகவே, பொய்யான நாடு சில வேளைகளில் மெய்யான போரின் தன்மையை நன்கு காட்டுகிறது.

இரண்டாவது காரணம் எளியவனுக்கு உரியது. வரலாற்றுப் போருக்கு இன்ன சீருடை, இன்ன தொப்பி, இத்தனை குதிரை என்ற கட்டாயம் உண்டு. பொத்தானின் நிறம் தவறினால் அறிந்தவர் வந்து திருத்துவார். கற்பனை நாட்டிலே கையிலுள்ளதே படை. உரோமானியனும் நெப்போலியன் காலத்து வீரனும் ஒரே அணியில் நிற்கலாம். தேயிலைக்காயும் கூழாங்கல்லும் போதும் என்று சொல்லும் சிறுவனின் செல்வமும் அதுவே.

மூன்றாவது காரணம் ஆக்குதலின் இன்பம். ஒரு நாட்டைப் படைத்தவன் அதற்குத் தானியம் எங்கிருந்து வருகிறது என்று எண்ணியாகவேண்டும். ஆற்றைக் கடக்கும் துறை யாருக்குச் சொந்தம்? கணவாயை அடைத்தால் எந்த ஊர் பட்டினி கிடக்கும்? அரசனுக்குப்பின் ஆள்வது யார்? போர் வானத்திலிருந்து விழுவதில்லை, காரணங்களிலிருந்து முளைக்கிறது என்பதைத் தேசப்படம் வரைகிறவன் தானே கற்றுக்கொள்கிறான்.

நான்காவது காரணமே இந்நாட்டார் நெஞ்சைத் தொடுவது. இலங்கை மண்ணிலே 1983 முதல் 2009 வரை நீடித்த போர் எத்தனையோ வீடுகளில் ஒரு நாற்காலியை வெறுமையாக்கிச் சென்றது. காணாமற்போன மகனின் படத்தை ஏந்திய தாய்மாரை நாடு கண்டிருக்கிறது. அந்தப் போரை மேசையில் விரித்து, பகடை உருட்டி ஆட எந்த மனம் துணியும்? ஒரு காய் சாயும்பொழுது ஒரு பெயர் நினைவுக்கு வந்தால், அது விளையாட்டு ஆகாது. இல்லாத நாட்டிலே சாய்கின்ற வீரனுக்கு விதவை இல்லை. ஆட்டம் முடிந்தபின் அவன் எழுந்து பெட்டிக்குள் போகிறான். போரைப் பற்றிச் சிந்திக்கவேண்டும், ஆனால் எவருடைய புண்ணையும் கிளறக்கூடாது என்று எண்ணுவோர்க்குக் கற்பனை நாடு ஒரு மரியாதையான தூரத்தை வழங்குகிறது.

மலையகத்தார்க்கு இத்தகைய கற்பனைத் தேசப்படம் புதியதன்று. துரைமார் தாம் திறந்த தோட்டங்களுக்குத் தம் நாட்டுப் பெயர்களையே சூட்டினர். பூண்டுலோயாவிலே டன்சினன் தோட்டம் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்திலே மன்னன் முற்றுகையிடப்படும் குன்றின் பெயரும் அதுவே. மக்கள் அதே மலைகளின்மீது மற்றொரு படத்தை விரித்தனர். நுவரெலியாவுக்கு அருகே சீதா எலியவில் சீதையம்மன் கோயில் நிற்கிறது. அசோகவனம் அதுவென்பது மக்களின் நம்பிக்கை. மாசி மாதத்திலே தப்பு முழங்க, தோட்டந்தோறும் காமன் கூத்து நிகழும். பொன்னர் சங்கர் கூத்து ஆடப்படும் இரவிலே, தேயிலைத் தூர்களுக்கு நடுவேயுள்ள ஒரு சிறு வெளி, கடலுக்கு அப்பால் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலுள்ள வீரப்பூராக மாறிவிடுகிறது. பகலிலே பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்பட்டு வரிசையில் நின்றவன், இரவிலே வாளேந்திய வீரனாகப் படுகளத்தில் நிற்கிறான்.

இது வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். இந்த மக்களின் உண்மையான நாடு எது என்பதை நெடுங்காலம் வேறுயாரோ தீர்மானித்தனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 975,000 பேர் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டனர். 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ள. 1974இல் அந்த எஞ்சியோரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இரு தலைநகரங்களின் மேசைகளிலே காய் பங்கிடுவதுபோன்று இது நிகழ்ந்தது. ஒரே லயத்திலிருந்து அண்ணன் கப்பலேறினான். தம்பி இங்கே நின்றான். நாடற்ற நிலைக்கு முடிவுகட்டும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறிற்று. காயாக நகர்த்தப்பட்ட குடும்பத்தின் பேரப்பிள்ளை, தானே ஒரு தேசப்படம் வரைந்து, ஆறு இங்கே, ஊர் இங்கே, எல்லை இங்கே என்று தீர்மானிக்கும்பொழுது அதிலே ஒரு நியாயம் இல்லையென்று யார் சொல்லமுடியும்?

எனினும், கற்பனை நாட்டுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. பல கற்பனை உலகங்களிலே பகைவர் பிறப்பாலேயே தீயவராகப் படைக்கப்படுகின்றனர். கோரமுகமும் கூர்ப்பல்லும் கொண்ட அந்த இனத்துக்கு வீடில்லை, மொழியில்லை, தாயில்லை. கொல்லப்படுவதற்கென்றே அது பிறந்திருக்கிறது. வரலாற்றுப் போரிலாவது எதிரி மனிதன் என்பதை ஏடுகள் நினைவூட்டும். கற்பனைப் போரில் அதை நினைவூட்ட எவருமில்லை. ஒரு கூட்டத்தாரை முழுமையாக வெறுக்கப் பழகும் மனம் மேசையை விட்டு எழுந்தபின்னும் அந்தப் பழக்கத்தை மறப்பதில்லை. ஆகவே, நாட்டைப் படைப்பவன் பகைவனுக்கும் ஒரு வயலும் ஒரு வீடும் அமைத்தல் வேண்டும். அவனும் எதையோ காக்கவே போரிடுகிறான் என்பது தேசப்படத்திலே தெரியவேண்டும்.

மக்கள் கூத்து இதனை வேறுவிதமாகச் சொல்கிறது. பொன்னர் சங்கர் கதை வெற்றியோடு முடிவதில்லை. வீரர் படுகளத்தில் வீழ்கின்றனர். கூத்தின் உச்சம் வாள்வீச்சன்று; தங்கை தங்காள் அண்ணன்மாரைத் தேடிவந்து புலம்புவதே. கூடியிருப்போர் கண்ணீர் விடுவது அங்கேதான். புனிதநீர் தெளித்து அவள் அவர்களை எழுப்புகிறாள். எழுந்தவரோ நெடிது நிற்பதில்லை. போர்க்கதையைக் கேட்கவந்த கூட்டம், போரின் விலையைக் கேட்டுவிட்டு, விடியற்காலையிலே கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போகிறது.

ஆடுபுலி ஆட்டத்திலும் அத்தகைய அறம் ஒன்று பொதிந்திருக்கிறது. இரு தரப்பும் ஒத்தவை அல்ல. ஒருபுறம் வலிமை, மறுபுறம் எண்ணிக்கை. புலியாக ஆடுகிறவனுக்குப் பாய்ச்சல் தெரிந்தால் போதும். ஆடாக ஆடுகிறவனுக்கோ பொறுமையும் ஒற்றுமையும் வேண்டும். ஒரு தரப்பை மட்டும் ஆடியவன் ஆட்டத்தை அறிந்தவன் ஆகான். எனவே, ஒரு சுற்று முடிந்ததும் இடம் மாறிக்கொள்வதே முறை.

கந்தப்பளையிலே பனி இன்னும் விலகவில்லை. மூன்றாவது புலியும் அசைய இடமின்றிச் சிக்கிக்கொண்டது. மூத்தவன் சிரித்துக்கொண்டே காய்களைக் கூட்டியள்ளி, கூழாங்கற்களைத் தன்பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறான்.

“தம்பி, இந்தத் தடவ நீ புலி. நான் ஆடு.”

சின்னவன் கற்களை உள்ளங்கையிலே வைத்துப் பார்க்கிறான். பிறகு, முக்கோணத்தின் உச்சியிலே முதற் புலியை வைக்கிறான்.